முதல் அரை அயர்ன்மேன்: எத்தனை மணி நேரத்தை இலக்காக வைக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் ட்ரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி) பணம் கட்டிய கையோடு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நான் எத்தனை மணி நேரத்தில் முடிப்பேன்?" சென்னையில் என்னோடு சேர்ந்து பயிற்சி செய்யும் புதியவர்கள் சில ஆண்டுகளாகக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நீண்டதூர ட்ரையத்லானுக்குத் தயாராகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஏற்கெனவே நான்கைந்து போட்டி முடித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

நீண்டதூர ட்ரையத்லான் என்றால் எவ்வளவு தூரம்?

இரண்டு அளவுகள் உண்டு. முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதிதான் அரை அயர்ன்மேன், அதாவது 70.3: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். 70.3 என்ற எண் மூன்று தூரங்களையும் மைலில் கூட்டினால் வருவது. இந்தியாவில் அயர்ன்மேன் பெயரில் 70.3 முதன்முதலாக நடந்தது 2019 அக்டோபரில், கோவாவின் மிராமர் கடற்கரையில். கொழும்பில் அதற்கு ஓராண்டு முன்பே, 2018இல் நடந்துவிட்டது. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கோவாவில்தான் தொடங்குகிறார்கள் என்பதால், இங்கே கணக்குகளை எல்லாம் 70.3 தூரத்துக்கே போட்டிருக்கிறேன்.

முதல் முயற்சியிலேயே முழு தூரம் போகலாமா?

போனவர்கள் இருக்கிறார்கள். 1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது அப்படி ஒரு தூரத்தை அதற்கு முன் யாருமே செய்ததில்லை. தொடங்கிய 15 பேரில் 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. ஆனால் அவர்கள் வெறுங்கையோடு வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஹாலர் நல்ல மாரத்தான் ஓட்டக்காரர்.

மாரத்தான் ஓடிப் பழகி, 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்ட சவாரி) சைக்கிள் பயணங்களும் முடித்து, தண்ணீருக்கும் பயப்படாதவர் நேராக முழு தூரம் போகலாம். மற்றவர்கள் முதலில் 70.3 செய்யுங்கள். தூரம் மட்டும் காரணம் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டால் வயிறு கெடாது, சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் எப்படி இருக்கும், கூட்டத்தோடு கடலில் இறங்கினால் மூச்சு என்ன ஆகும் என்பதெல்லாம் ஒரு போட்டி செய்து பார்த்தால்தான் தெரியும். அதை ஏழெட்டு மணி நேரப் போட்டியில் தெரிந்துகொள்வது நல்லது. பதினைந்து மணி நேரப் போட்டியின் நடுவில் தெரிந்துகொள்வது கொடுமை.

கட்-ஆஃப் என்பது என்ன? அதற்குள் முடித்துவிடுவேனா?

ஒவ்வொரு பகுதியையும் இத்தனை நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற வரம்பு அது. தாண்டினால் போட்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். 70.3இல் வழக்கமான வரம்புகள் இவை: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், தொடங்கியதிலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் முடிய வேண்டும், 8 மணி 30 நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறலாம். உங்கள் போட்டியின் வீரர் கையேட்டில் இருக்கும் எண்களை ஒரு தாளில் எழுதி, தினமும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

இந்த எண்களை வேகமாக மாற்றினால் பயம் பாதி குறையும். 1 மணி 10 நிமிடத்தில் 1.9 கி.மீ. என்றால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி. ஒரு மணி நேரத்தில் நீந்தி, உடை மாற்ற 10 நிமிடம் எடுத்தால், சைக்கிளுக்கு 4 மணி 20 நிமிடம் கிடைக்கும். மணிக்கு 21 கி.மீ. ஓட்டினால் போதும். சைக்கிளைக் கடைசி நிமிடத்தில் முடித்தாலும் மீதம் 3 மணி நேரம் உண்டு. ஷூ மாட்ட ஆறு நிமிடம் போக, கிலோமீட்டருக்கு எட்டேகால் நிமிடம். அது மெதுவான ஓட்டமும் வேக நடையும் கலந்த வேகம்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் எட்டக்கூடியவை. மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்வதில்தான் கஷ்டம் இருக்கிறது. எங்கே நேரம் விடலாம், எங்கே விடக்கூடாது என்று திட்டமிடுவதைத்தான் இலக்கு வைப்பது என்கிறேன்.

என் நேர இலக்கை எப்படிக் கணக்கிடுவது?

ஆசையிலிருந்து தொடங்காதீர்கள். கடைசி எட்டு வாரங்களில் உங்கள் கடிகாரம் பதிவு செய்த எண்களிலிருந்து தொடங்குங்கள். போட்டிக்கு ஐந்தாறு வாரம் முன்பு, வெவ்வேறு நாட்களில், மூன்று அளவுகள் எடுக்கச் சொல்வேன்.

முதலாவது, நிற்காமல் 1,900 மீட்டர் நீச்சல். 50 மீட்டர் குளத்தில் 38 நீளம். சுவரைப் பிடித்து ஓய்வெடுத்தால் அது கணக்கில் சேராது. கடலில் சுவர் கிடையாது.

இரண்டாவது, 80 முதல் 90 கி.மீ. சைக்கிள். முடித்ததும் "இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டலாம்" என்று தோன்றும் அளவிலான சராசரி வேகம்தான் உங்கள் வேகம். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய போட்டித் தூரமே வந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: வாடைக்காற்று வீசும் மாதங்களில் போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போகும்போது வந்த 30 கி.மீ. வேகத்தைச் சொந்த வேகம் என்று நம்பி இலக்கு வைத்தவர்கள் பலர். போய்த் திரும்பிய மொத்தச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பிரிக். அதாவது இரண்டரை, மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டி, உடனே இறங்கி 8 அல்லது 10 கி.மீ. ஓடுவது. தனியாக ஓடிய அரை மாரத்தான் நேரத்தை வைத்து இலக்கு போடாதீர்கள். வெயிலில், சைக்கிளுக்குப் பிறகு ஓடும்போது, முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதைவிட 20 முதல் 40 நிமிடம் கூடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கூட்டுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: நீச்சல் 55 நிமிடம், முதல் மாற்றம் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு) 8 நிமிடம், சைக்கிள் மணிக்கு 24 கி.மீ. வீதம் 3 மணி 45 நிமிடம், இரண்டாம் மாற்றம் 6 நிமிடம், ஓட்டம் 2 மணி 45 நிமிடம். மொத்தம் 7 மணி 39 நிமிடம். இதுதான் இவருடைய நடுத்தர இலக்கு. எல்லாம் கூடிவந்தால் ஏழேகால் மணி நேரம் என்று மேலே ஒன்று, என்ன நடந்தாலும் எட்டரைக்குள் முடிவுக்கோட்டைத் தொடுவது என்று கீழே ஒன்று. ஆக மூன்று இலக்குகள். டயர் பஞ்சரானாலோ வயிறு கலங்கினாலோ ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இறங்கிக்கொள்ளலாம். ஒரே ஓர் இலக்கோடு வந்தவர் அது நழுவிய நிமிடத்திலேயே மனதளவில் போட்டியை விட்டுவிடுகிறார். அவருக்குக் கட்-ஆஃபுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

என் நண்பர் முதல் தடவையே ஆறு மணி நேரத்தில் முடித்தாரே?

அவர் பள்ளியில் மாவட்ட அளவில் நீந்தியவரா, பத்தாண்டாக ஓடுகிறவரா என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக ஏதோ ஒன்று இருக்கும். அவருடைய நேரம் உங்கள் பயிற்சியைப் பற்றி எதுவும் சொல்லாது.

எனக்கு நீச்சலே தெரியாது. ஆறு மாதம் போதுமா?

25 மீட்டர்கூட நீந்தத் தெரியாதவர் என்றால் ஆறு மாதத்தில் கடலில் 1.9 கி.மீ. என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓராண்டு வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சைக்கிளில் களைத்தால் ஓரமாக நிறுத்தலாம், ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். தண்ணீரில் அப்படி முடியாது. உலகெங்கும் ட்ரையத்லான் போட்டிகளில் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை நீச்சல் பகுதியில்தான் நேர்ந்திருக்கின்றன.

கிணற்றிலும் ஏரியிலும் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் பழகியவர்கள் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று நம்பிக்கையோடு வருவார்கள். தண்ணீர் பயம் இல்லாதது பெரிய சொத்து, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த முறையில் 200 மீட்டருக்குள் கழுத்தும் தோளும் விட்டுவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சைக் குமிழியாக விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கும் ஃப்ரீஸ்டைலைப் புதிதாகக் கற்க வேண்டும். முதல் இரண்டு மாதம் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். ஒரு நல்ல பயிற்சியாளரிடம் வாரம் மூன்று நாள் போங்கள். சென்னையில் வேளச்சேரியில் 50 மீட்டர் குளம் இருக்கிறது. மற்ற மாவட்டத் தலைநகர்களிலும் விளையாட்டு ஆணையத்தின் குளம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நீச்சலுக்கு வைக்க வேண்டிய முதல் இலக்கு நேரம் அல்ல. 400 மீட்டர் முடித்து நிற்கும்போது பேச முடிகிறதா? அடுத்து 1,000 மீட்டர். அதற்கடுத்து 1,900. பிறகு போட்டிக்கு முன் குறைந்தது நான்கைந்து முறை கடலில். அங்கே குளத்தில் இருப்பதுபோல வழிகாட்டக் கீழே கருப்புக் கோடு கிடையாது. பத்துப் பன்னிரண்டு கை வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துத் திசை திருத்த வேண்டும். அப்படியும் கொஞ்சம் வளைந்துதான் போவீர்கள். அதனால் குளத்து நேரத்தோடு ஐந்து முதல் பத்து நிமிடம் சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: மெரினாவிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ தனியாக இறங்கிப் பழகாதீர்கள். அந்தக் கரைகளில் இழுப்பு எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்று சென்னையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் தெரிந்த குழுவோடு, கயாக்கோ மீனவர் படகோ துணைக்கு இருக்கும்போது, நிறம் எடுப்பான தொப்பியும் இடுப்பில் மிதவையும் கட்டிக்கொண்டு மட்டும் இறங்குங்கள்.

வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை) மிதக்க உதவும் என்று எங்கோ படித்துவிட்டு அதை நம்பி இருக்க வேண்டாம். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் வெட்சூட் போட்டவர் வயதுப் பிரிவுப் பரிசுக்குப் போட்டியிட முடியாது. கோவாக் கடல் போட்டி நடக்கும் மாதங்களில் அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும்.

சைக்கிளில் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் 70.3இல் ஆறரை மணி நேரம் இலக்கு வைத்திருந்தேன். 48 நிமிடத்தில் நீந்தி வெளியே வந்ததும் உடம்பு அவ்வளவு இலகுவாக இருந்தது. முதல் 45 கிலோமீட்டரை மணிக்கு 31 கி.மீ. வேகத்தில் மிதித்தேன். பயிற்சியில் என் நிதான வேகம் 26. இரண்டாம் பாதியில் தொடை கனக்கத் தொடங்கியது. 3 மணி 12 நிமிடத்தில் சைக்கிள் முடிந்தது. ஓட்டத்தில் ஐந்தாவது கிலோமீட்டரில் தொடைப்பின்புறம் பிடித்துக்கொண்டது. மீதி 16 கிலோமீட்டரில் பெரும்பகுதியை நடந்தேன். ஓட்டத்துக்கு மட்டும் 3 மணி 27 நிமிடம், மொத்தம் 7 மணி 40 நிமிடம்.

அடுத்த ஆண்டு அதே உடம்பு, ஏறக்குறைய அதே பயிற்சி. சைக்கிளை 3 மணி 26 நிமிடத்தில் முடித்தேன், அதாவது 14 நிமிடம் மெதுவாக. ஓட்டம் 2 மணி 34 நிமிடத்தில் முடிந்தது, 53 நிமிடம் வேகமாக. மொத்தம் 6 மணி 58 நிமிடம். அந்தப் 14 நிமிடத்தை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த வட்டியைப் பாருங்கள்.

நடைமுறையில் எப்படி அளப்பது? பவர் மீட்டர் (மிதிக்கும் ஆற்றலை அளக்கும் கருவி) இருந்தால், ஒரு மணி நேரம் முழுமூச்சாக மிதிக்கக்கூடிய அளவில் 70 விழுக்காட்டுக்குள் இருங்கள். ஏற்றத்தில் கொஞ்சம் கூடலாம். இதயத் துடிப்பு மானி மட்டும் இருந்தால், பயிற்சியின் நீண்ட சவாரிகளில் வரும் துடிப்பைத் தாண்ட வேண்டாம். இரண்டும் இல்லையென்றால், வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முதல் 20 கிலோமீட்டரில் நிறையப் பேர் உங்களை முந்திப் போவார்கள். போகட்டும்.

முன்னால் போகும் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். வயதுப் பிரிவினருக்கு 12 மீட்டர் இடைவெளி கட்டாயம். முந்துவதென்றால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். மீறினால் ஐந்து நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமைக் குழுச் சவாரியில், நடுவில் ஒளிந்துகொண்டு எடுத்த சராசரி வேகத்தை இலக்குக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஓட்டத்தில் நடந்தால் கேவலமா?

இல்லை. திட்டமிட்டு நடப்பது ஒன்று, வேறு வழியில்லாமல் நடப்பது இன்னொன்று. முதல் கிலோமீட்டரிலிருந்தே ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் 30 முதல் 60 விநாடி நடங்கள். அந்த நேரத்தில் குடியுங்கள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், பனிக்கட்டி கிடைத்தால் தொப்பிக்குள் போடுங்கள். இப்படி நடந்தவர்கள் கடைசி ஐந்து கிலோமீட்டரையும் ஓடியே முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பந்தல்களை ஓடியே தாண்டியவர்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

வெயிலுக்கு எவ்வளவு நேரம் கூட்ட வேண்டும்?

ஓட்டம் தொடங்கும்போது மணி பத்தரை, பதினொன்று ஆகியிருக்கும். கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதே இதயத் துடிப்பில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை மெதுவாவது சாதாரணம். அதை முன்பே கணக்கில் எழுதிவிட்டால் அன்று மனம் உடையாது.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற ஊர்க்காரர்களுக்கு இது ஓரளவு பழக்கம். ஊட்டியிலோ பெங்களூரிலோ பயிற்சி எடுக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். எல்லோரும் அதிகாலை ஐந்து மணிக்கே ஓடி முடித்துவிடுகிறோம். கடைசி மாதத்தில் வாரம் இரண்டு ஓட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு, தண்ணீர் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் செய்யுங்கள். தலைசுற்றல், குளிர் நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். எந்த இலக்கும் அதற்கு மேல் இல்லை.

சாப்பாட்டுக்கும் இலக்கு உண்டா?

உண்டு. நேர இலக்கைவிட இதை மறக்காமல் எழுதிவைக்கச் சொல்வேன். 1982இல் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மோஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில மீட்டர் முன் உடம்பில் எரிபொருள் தீர்ந்து விழுந்தார். தவழ்ந்து போய் இரண்டாவதாக முடித்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பிறகுதான் பலர் இந்த விளையாட்டுக்கே வந்தார்கள். மனஉறுதிக்குச் சான்றாக அந்தக் காட்சியைக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது குடல் எவ்வளவு முக்கியம் என்பது.

ஒரு மணி நேரத்துக்கு 45 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பெரும்பகுதி சைக்கிளில் இருக்கும்போதே. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். பொட்டலத்தில் வரும் ஒரு எனர்ஜி ஜெல்லிலும் ஏறக்குறைய அவ்வளவே. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் ஒலிக்க வையுங்கள், பசி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடலை மிட்டாய் பயிற்சிக்குப் பின் அருமையானது. அதிலிருக்கும் கொழுப்பும் புரதமும் செரிக்க நேரமாவதால் போட்டியில் எனக்கு ஒத்துவரவில்லை. போட்டி அன்று காலை இட்லியோடு கொஞ்சம் சர்க்கரை, மூன்று மணி நேரம் முன்பு. சாம்பார் வேண்டாம்.

இளநீர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது முக்கியமாகச் சோடியம். ஆகவே உப்புக்கு வேறு ஏற்பாடு வேண்டும். எவ்வளவு குடிப்பது என்பதை வீட்டிலேயே அளக்கலாம்: ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. முழுவதையும் ஈடுகட்ட முயல வேண்டாம். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடும்போது வலி மாத்திரை போடுவதையும் விடுங்கள். நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

20 முதல் 24 வாரங்கள், வாரத்துக்கு 7 முதல் 10 மணி நேரம். இரண்டு அல்லது மூன்று நீச்சல், வேலை நாளில் ஒரு சைக்கிள், ஞாயிறு நீண்ட சைக்கிள், இரண்டு சிறு ஓட்டம், ஒரு நீண்ட ஓட்டம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. மூன்று வாரம் ஏற்றி நான்காம் வாரம் குறையுங்கள். கடைசி இரண்டு வாரம் அளவைப் பாதியாக்குங்கள்; அப்போது அதிகம் செய்தாலும் புதிதாகப் பலம் எதுவும் சேராது, களைப்பு மட்டும்தான் சேரும்.

வீட்டில் உட்கார்ந்து பேசாமல் இந்த மணி நேரங்களை முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு காலை முழுவதும் நீங்கள் சாலையில் இருந்தால், குழந்தையைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைப்பது யார்? வாரம் ஆறு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் ஆறு மணி நேரத்துக்கான இலக்கை வையுங்கள். அதிலும் எட்டு மணி நேரத்துக்குள் முடித்தவர்களை எனக்குத் தெரியும். பத்து மணி நேரத் திட்டத்தைப் பதிவிறக்கி, அதில் நாலு நாளைத் தவறவிட்டு, குற்ற உணர்வோடு வாழ்வது யாருக்கும் நல்லதில்லை.

45 வயதாகிவிட்டது. தாமதமா?

இல்லை. நடிகர் மிலிந்த் சோமன் 2015இல், 50 வயது நிறையச் சில மாதங்களே இருக்கும்போது, ஸூரிக்கில் முழு அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார். அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பியூடர் 2012இல் கனடாவில் முழு தூரத்தை முடித்தபோது அவருக்கு வயது 82. வயது கூடும்போது மாற வேண்டியது ஒன்றுதான்: கடினமான இரண்டு பயிற்சிகளுக்கு நடுவில் கூடுதல் இடைவெளி. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் எல்லோரும் பணம் கட்டும் முன் மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா?

வேண்டாம். உங்கள் அளவுக்குச் சரியாகப் பொருத்திய சாதாரண ரோட் சைக்கிள் போதும். மிச்சமாகும் பணத்தில் நீச்சல் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். ஆனால் பின்சக்கர ட்யூபை உதவியில்லாமல் பத்து நிமிடத்தில் மாற்றப் பழகுங்கள். அந்தப் பத்து நிமிடம் உங்கள் கணக்கில் முன்கூட்டியே இருக்கட்டும்.

எப்போது போட்டியை ஒத்திப்போட வேண்டும்?

ஆறு வாரம் முன்பு நிற்காமல் 1,900 மீட்டர் நீந்த முடியவில்லை என்றால் ஒத்திப்போடுங்கள். சைக்கிளோ ஓட்டமோ பலவீனமாக இருந்தால்கூடத் தொடங்கிப் பார்க்கலாம், நீச்சலில் அப்படிச் சொல்ல மாட்டேன். எலும்பில் ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தாலும், போட்டி வாரத்தில் காய்ச்சல் வந்தாலும் அதே பதில்தான். கட்டிய பணம் போகும், மனசு வலிக்கும். அடுத்த ஆண்டும் போட்டி நடக்கும்.

கட்-ஆஃப் தாண்டி இறக்கிவிட்டால்?

சைக்கிள் வரம்பில் நான்கு நிமிடம் பிந்தி இறக்கிவிடப்பட்ட ஒருவரோடு அன்று மாலை உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை பஞ்சர். இரண்டாவது தடவை ட்யூப் இல்லை. அவர் அழுதார், நானும் எதுவும் சொல்லவில்லை. அந்த மாலையில் அறிவுரை தேவையில்லை.

ஒரு வாரம் கழித்துக் கடிகாரத்தின் பதிவை எடுத்துவைத்துப் பார்த்தோம். பஞ்சருக்குப் போனது 31 நிமிடம். மிதித்த வேகம் மணிக்கு 23 கி.மீ., திட்டமிட்டபடியே. நீச்சல் திட்டத்தைவிட 3 நிமிடம் வேகம். ஆக, மறு ஆண்டுக்கு அவர் நேர இலக்கை மாற்றவே இல்லை. இரண்டு ட்யூபும் ஒரு கை பம்பும் புதிதாக வாங்கினார். சனிக்கிழமை இரவுகளில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மகள் கைப்பேசியில் நேரம் குறிக்க, டயரைக் கழற்றி மாட்டிப் பழகினார். முதலில் 22 நிமிடம் ஆனது. போட்டிக்குப் போகும்போது ஏழு நிமிடத்துக்கு வந்திருந்தது.